ரத்தத்தைப் பிரித்துப் பார்த்தவர்: கார்ல் லாண்ட்ஸ்டைனர்

மலருக்கு ஒரு மேதையின் வாழ்க்கையை எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். மதுரையில் ரத்த வங்கியிலேயே காலத்தைத் தள்ளியவன் நான். வேறு யாரை எழுதப் போகிறேன்?

லாண்ட்ஸ்டைனர் 1868 ஜூன் 14 அன்று வியன்னாவில் பிறந்தார். தகப்பனார் பத்திரிகைக்காரர், பையனுக்கு ஆறு வயசிலேயே காலமாகிவிட்டார். தாயார்தான் வளர்த்து ஆளாக்கினார். அந்த அம்மாள் இறந்தபோது முகத்தை அச்செடுத்து, கடைசிவரை சுவரில் மாட்டி வைத்திருந்தாராம். 1891-இல் டாக்டர் பட்டம். ஆனால் மனசெல்லாம் சோதனைக் குழாயில்தான். பத்து வருஷத்தில் சுமார் 3,600 பிரேதப் பரிசோதனைகள் செய்திருக்கிறார். நம்ம பேட்சில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவர்கள் பெயரை இங்கே எழுத மாட்டேன்!

அந்தக் காலத்தில் ரத்தம் ஏற்றினால் சிலர் பிழைப்பார்கள், சிலர் போய்விடுவார்கள். காரணம் யாருக்கும் புரியவில்லை. இவர் தம் ரத்தத்தையும் சகாக்களின் ரத்தத்தையும் எடுத்து, ஒருவர் சீரத்தில் இன்னொருவர் சிவப்பணுவைக் கலந்து பார்த்தார். சிலது கலந்தது, சிலது திரிந்த பால் மாதிரி திட்டுத்திட்டாகக் கூடியது. 1901-இல் மூன்று பிரிவுகளை அறிவித்தார். ஏபி அடுத்த வருஷம் தெரிய வந்தது. அவ்வளவு பெரிய விஷயத்தை உலகம் உடனே கண்டுகொள்ளவில்லை. முதல் உலகப் போருக்குப் பின், வியன்னாவில் பிழைப்புக்கு வழியில்லாமல், ஹேக் நகரில் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் சாதாரண லேப் வேலை பார்த்தார். பிறகுதான் நியூயார்க், ராக்ஃபெல்லர் நிலையம். 1930-இல் நோபல் பரிசு.

நமக்கு முக்கியமான சேதி 1919-இல் வந்தது. ஹிர்ஷ்ஃபெல்ட் தம்பதியர் சலோனிகா போர்முனையில் பல நாட்டுச் சிப்பாய்களைச் சோதித்தார்கள். பி பிரிவு ஆங்கிலேயரில் நூற்றுக்கு 7, இந்தியரில் 41! ஊருக்கு ஊர் ரத்தக் கணக்கு வேறு. 1940-இல் லாண்ட்ஸ்டைனரும் வீனரும் கண்ட ஆர்.எச். காரணியும் அப்படித்தான். நெகட்டிவ் ஐரோப்பியரில் சுமார் 15 சதவீதம், நம்மவரில் சுமார் 5. ராத்திரி ரெண்டு மணிக்கு நெகட்டிவ் பாட்டிலுக்கு அலைந்தவர்களுக்கு அந்த 5-இன் அர்த்தம் புரியும்.

1943 ஜூனில் ஆய்வுக்கூடத்தில் பிப்பெட்டைப் பிடித்தபடியே மாரடைப்பு வந்தது. ரெண்டு நாளில், 26-ஆம் தேதி, காலமானார்.

அவர் பார்க்காமல் போனது பம்பாய் ரத்தம். 1952-இல் டாக்டர் பெண்டே குழுவினர் அங்கே கண்டுபிடித்தது. ஏ, பி இரண்டுக்கும் அடிப்படையான எச் பொருளே இவர்களிடம் இல்லை. முதல் சோதனையில் ஓ மாதிரிதான் தெரியும்; ஓ ஏற்றினால் ஆபத்து. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் இது அமையும். தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டுகிற நம்ம பக்கத்தில் அதற்கு வாய்ப்பு கூடுதல்.

மேலூர்ப் பக்கத்துப் பிரசவக் கேஸ் ஒன்று. அட்டையில் ஓ பாசிட்டிவ் என்றிருந்தது. எந்த ஓ பாட்டிலும் கிராஸ் மேட்ச் ஆகவில்லை. அந்தப் பெண்ணின் சீரத்தை ஓ அணுக்களோடு கலந்தோம், கூடிவிட்டது. புரிந்துபோனது. கூடப்பிறந்தவர்களுக்கு ஆளனுப்பினோம். நாலு பேரில் தம்பி ஒருவனுடையதுதான் சேர்ந்தது. அவன் கையை நீட்டும்போது மணி அதிகாலை நாலு.