வழி இல்லையா? உண்டாக்கு!



போன செமஸ்டரில் ஒரு இன்டர்வியூவுக்குப் போய், பேந்தப் பேந்த விழித்துவிட்டுத் திரும்பினேன். ஒர்க்‌ஷாப்பில் நான் பழகியது சாதா லேத். அங்கே கேட்டதெல்லாம் சி.என்.சி. மூணு வருஷப் படிப்பும் வீண்தானா? இந்தச் சோர்வோடு பஸ்ஸில் வரும்போது அடையாறு புற்றுநோய் மருத்துவமனை கண்ணில் பட்டது. அதை உருவாக்கிய அம்மையாரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். கண் திறந்தது!

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். பெண்கள் கல்லூரிப் படி ஏறுவது அரிதான காலம். எதிர்ப்புக்கு நடுவே, மன்னரின் அனுமதியோடு மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி; 1912-ல் டாக்டர்!

அதோடு 'செட்டில்' ஆனாரா? இல்லை. நாற்பதை நெருங்கும் வயதில், 1925-ல், மேற்பயிற்சிக்கு இங்கிலாந்து போனார். திரும்பி வந்தால், பழக்கமே இல்லாத சட்டசபை வேலை! தயங்கினாலும் ஏற்றார். 1927-ல் சென்னை சட்டசபையின் முதல் பெண் உறுப்பினர். துணைத் தலைவரும் ஆனார். டாக்டராகக் கண்ட துன்பங்களே அங்கே அவருக்குக் கைகொடுத்தன. தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். 1947-ல் சட்டம் வந்தது.

அடைக்கலம் தேடி வந்த பெண்களுக்குத் தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். 1930-ல் அவ்வை இல்லம் பிறந்தது.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வேதனை மட்டும் ஆறவில்லை. அந்த நோய் வந்தால் சாவுதான் என்று ஊரே நம்பிய நேரம். பெரிய கட்டடம் எழும்பட்டும் என்று காத்திராமல், 1954-ல் குடிசைகளில் 12 படுக்கைகளோடு தொடங்கினார். அப்போது வயது அறுபத்தேழு! 1968-ல் அவர் மறைந்தார். மருத்துவமனை வளர்ந்து நிற்கிறது.

நண்பர்களே, நான் கற்ற பாடம் இதுதான். படித்தது வீண் போகாது. புதுசைக் கற்க வெட்கப்படக் கூடாது. கையில் இருப்பதை வைத்து உடனே தொடங்க வேண்டும். இப்போது சாயங்காலம் சி.என்.சி. வகுப்புக்குப் போகிறேன். லேத்தில் படித்த வெட்டு வேகமும் ஃபீடும்தான் அங்கேயும் அரிச்சுவடி!

மெஷின் மாறட்டுமே... நாமும் மாறுவோம், வெல்வோம்!