டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளின் கரிசல் நிலங்களில், ஐப்பசி கார்த்திகையில் மக்காச்சோளம் ஆள் மறைய வளர்ந்து நிற்கும். அக்கதிர்மணிகளிற் பெரும்பகுதி மக்கள் உண்ணும் பொருட்டன்று. நாமக்கல் முதலிய இடங்களிலுள்ள கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாய்ச் செல்வதாகும். அத்தகைய தீவனத்தில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து அணுவளவேனும் கலந்துளதோ எனச் சோதித்தறியும் கலை இக்காலத்திற் பெரிதும் வளர்ந்துளது. அதன் வரலாற்றை நாம் ஆராயப் புகுந்தபோது, சென்னையிற் கல்வி பயின்ற ஒரு பெரியாரின் வாழ்க்கை அதனோடு இருவழியாற் பிணைந்திருக்கக் கண்டு வியந்தோம்.

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12-ஆம் நாள், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறி மூன்றாம் முறையே தேறினார். (மறுதேர்வை நோக்கியிருக்கும் நம் நண்பர் சிலர் இதனை நினைவிற் கொள்வாராக!) பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். காந்தியடிகளின் இயக்கத்திற் பற்றுக்கொண்டு கதராடை அணிந்தமையால் ஆசிரியர் ஒருவரின் சினத்திற்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குத் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே பெற்றார். சகோதரர் இருவர் அடுத்தடுத்து நோய்வாய்ப்பட்டு மாண்டனர். தாமும் ஸ்புரூ என்னும் கொடிய குடல்நோயால் வருந்தி, ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதி அவர்களின் சிகிச்சையால் உயிர் பிழைத்தார். அத்துயரமே அவரை ஆராய்ச்சியின்பால் உந்தியிருத்தல் வேண்டும் என்பது நம் கருத்து.

1922-இல் இளமனைவியைப் பிரிந்து அமெரிக்கா சென்று ஹார்வர்டிற் சேர்ந்தார். மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணியாளராய் உழைத்து வயிறு வளர்த்தார். மீண்டும் தாய்நாட்டைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவேயில்லை.

அங்கே ஃபிஸ்கே என்னும் பேராசிரியருடன் கூடி, உடல்நீர்களில் உள்ள பாஸ்பரசை அளக்கும் முறையொன்றை 1925-இல் வெளியிட்டார். கரைசலில் அமிலமும் மாலிப்டேட்டும் சேர்த்து, மற்றொரு மருந்தையும் இட்டால் நீலநிறம் எழும். பாஸ்பரஸ் மிகமிக நீலமும் மிகும், குறையக் குறையும். அளவு தெரிந்த கரைசலின் நீலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உள்ள அளவு புலனாகும். முறை எளிது, விளைவோ பெரிது. இதனைத் துணைக்கொண்டே தசைகளில் உள்ள பாஸ்போகிரியேட்டினும், உயிர்களின் ஆற்றலுக்கு நாணயம் போன்ற ஏ.டி.பி.யும் அவர்களால் அறியப்பட்டன. இத்தனை செய்தும் ஹார்வர்டில் நிலையான பதவி கிட்டவில்லை.

1940-இல் லெடர்லி ஆராய்ச்சிச்சாலையை அடைந்து, விரைவில் அதன் ஆராய்ச்சித் தலைவரானார். ஸ்புரூ நோய்க்கும் பயன்படும் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாய் ஆக்கியதும், யானைக்கால் நோய்க்கு நம் ஊர்களில் வீடுதோறும் வழங்கப்பெற்ற டி.இ.சி. மருந்தைக் கண்டதும் அவர்தம் குழுவினரே. அவர் தலைமையின்கீழ் டக்கர் என்னும் முதிய அறிஞர், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து பொன்னிற மருந்தொன்றைப் பெற்றார். ஆரியோமைசின் எனப் பெயர் பெற்ற அது 1948-இல் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதமே சுப்பாராவ் தம் 53-ஆம் வயதில், உறக்கத்தில் உயிர் நீத்தார்.

அவர் மறைந்த பின் நிகழ்ந்ததே நம் கதைக்கு இன்றியமையாதது. அம்மருந்தை விளைவித்தபின் எஞ்சிய சக்கையை அதே ஆராய்ச்சிச்சாலையினர் கோழிக்குஞ்சுகளுக்கு ஊட்டினர்; குஞ்சுகள் விரைந்து பருத்தன. 1950-இல் இச்செய்தி பரவவே, உலகெங்கும் தீவனத்தில் மருந்து கலக்கும் வழக்கம் பெருகிற்று. இலாபம் கண்டோர் பின்விளைவைக் காணவில்லை. சிற்றளவு மருந்து கிருமிகளை முற்றும் கொல்லாது. பிழைத்தவை மருந்தை வெல்லும் வலிமை பெற்றுப் பெருகும். நாளை நம் தெருக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் அம்மருந்து பயன்படாது போகலாம். ஆதலின் வளர்ச்சிக்கென மருந்து கலத்தலை ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் முற்றும் தடுத்தது. உணவுக்கென வளர்க்கும் உயிர்களுக்குக் கொலிஸ்டின் என்னும் மருந்தைத் தருவதை இந்தியா 2019-இல் தடைசெய்தது. இப்பழியைச் சுப்பாராவின்மேற் சுமத்துவார் உளராயின், அவரொடு நாம் உடன்படோம்.

தடை விதித்தல் எளிது, கண்டுபிடித்தலே அரிது. சோளம், பிண்ணாக்கு, கிளிஞ்சற்பொடி எனப் பல கலந்த தீவனத்தில் இம்மருந்து சுண்ணாம்புச் சத்தோடு ஒட்டிக்கொண்டு ஒளிந்திருக்கும். முதலில் அப்பிடிப்பை விடுவிக்கும் அமிலக் கரைசலில் மாதிரியை ஊறவைத்துக் குலுக்கி வடிகட்டுவர். பின்னர் நுண்துகள் செறித்த குழாயொன்றினூடே செலுத்துவர். ஒவ்வொரு பொருளும் தன்தன் நேரத்தில் வெளிப்படும். இறுதியில் நிறைமானி அதன் மூலக்கூற்றை எடையிட்டு, உடைத்து, துண்டுகளையும் எடையிட்டு, இன்னதென அடையாளம் கூறும். கிலோவுக்குச் சில மைக்ரோகிராம், அதாவது நூறு கோடியிற் சில பங்கு இருப்பினும் தப்பாது.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக்கென்றே ஓர் ஆய்வகம் உளது. கோழியின் எலும்புக்கு வேண்டிய பாஸ்பரஸ் தீவனத்தில் எவ்வளவு உளதெனவும் தீவன ஆய்வகங்கள் அளப்பதுண்டு. அவ்வளவீட்டிற்கு வழங்கும் முறைகளுள் ஒன்று, மாலிப்டேட் இட்டு நீலநிறம் பார்ப்பதேயாம்.