ஃப்ரூட் செஞ்ச குட்டிப் படகுகள்

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல ஃப்ரூட் நம்பர் படிச்சிருப்பீங்க. அந்த வில்லியம் ஃப்ரூட் (1810–1879) யாருன்னு தேடிப் பார்த்தீங்களா? நான் ஃபார்முலாவை மட்டும் மனப்பாடம் பண்ணவன்.

இங்கிலாந்துக்காரர். ஆரம்பத்தில் புரூனலிடம் ரயில்பாதை வேலை, பிறகு கப்பல். குட்டி மாடலை வைத்துப் பெரிய கப்பலின் தடையைக் கணிக்க முடியாது என்று பெரிய நிபுணர்களே சொன்ன காலம். மனுஷன் விடல. 1867-ல் ஸ்வான், ரேவன் என இரண்டு வடிவங்களை, ஒவ்வொன்றையும் 3, 6, 12 அடி நீளத்தில் செய்து, டார்ட் ஆற்றில் இழுத்துப் பார்த்தார். கூர்மூக்கு ரேவன்தான் எப்பவும் ஜெயிக்கும்னு நினைப்பீங்க. வேகம் கூடினப்போ மழுங்கின ஸ்வானுக்குத்தான் தடை குறைவு! இன்னொண்ணு: 12 அடி மாடலின் வேகத்தில் பாதி வேகத்தில் 3 அடி மாடலை இழுத்தால், இரண்டும் ஒரே மாதிரி அலை எழுப்பும். நீளம் கால்பங்கு, வேகம் அதன் வர்க்கமூலம். நம்ம ஃபார்முலா அதுதான்.

அப்புறம் டார்க்கியில் தன் வீட்டருகே நீண்ட தொட்டி கட்டி, பாரஃபின் மெழுகில் மாடல் செய்தார். சோதனை முடிஞ்சா உருக்கி அடுத்ததை வார்க்கலாம். கிரேஹவுண்ட் என்ற நிஜப் போர்க்கப்பலையே கடலில் இழுத்து அளந்தபோது, மாடல் சொன்ன கணக்கு ஒத்துப்போனது.