வேரடி நீரை அளந்தவர்

சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் மணற்பாங்கான செம்மண் நிலங்களில் நிலக்கடலை விளைவதைக் கண்டிருப்பீர்கள். பெய்த மழை அம்மண்ணில் நெடுநேரம் தேங்குவதில்லை, கீழே இறங்கிவிடுகிறது. இறங்கும் நீர் வெறுங்கையோடு செல்கிறதா, உழவர் கடன்பட்டு வாங்கி இட்ட உரத்தையும் கொண்டு செல்கிறதா? இவ்வினாவிற்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர் ஆங்கிலேய நிலக்கிழார் ஜான் பென்னட் லாஸ்.

லாஸ் 1814ஆம் ஆண்டு இங்கிலாந்திலுள்ள ரோதம்ஸ்டெட்டில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். ஆக்ஸ்போர்டில் பயின்றும் பட்டம் பெறவில்லை. 1842இல் சூப்பர் பாஸ்பேட் உரம் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்று, மறு ஆண்டு உர ஆலை தொடங்கினார். அதே ஆண்டில் கில்பர்ட் என்னும் வேதியியல் அறிஞரைத் துணைக்கு அமர்த்தி, பிராட்பாக் வயலில் கோதுமை ஆய்வைத் தொடங்கினார். கில்பர்ட் சிறுவயதில் துப்பாக்கி விபத்தில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். இருவரும் 57 ஆண்டுகள் இணைந்து உழைத்தனர்.

அவ்வயலின் பாத்திகளுக்கு அடியில் 1849இல் சுட்ட மண்குழாய்கள் பதிக்கப்பட்டன. அவற்றில் வடிந்த நீரை வோல்க்கர் என்னும் அறிஞர் பகுத்தாய்ந்தார். பாஸ்பேட்டை மண் பற்றிக்கொண்டது. அம்மோனியா உப்போ மண்ணில் நைட்ரேட்டாக மாறி, குளிர்கால மழையோடு வெளியேறியது! இலையுதிர்காலத்தில் இட்ட உரத்தின் பயனைப் பயிர் முழுமையாகப் பெறவில்லை. பின்னர் அவ்வுரத்தைப் பெரும்பாலும் இளவேனிலில் இடலாயினர். உரம் விற்றுப் பொருள் ஈட்டியவரே உரம் வீணாவதை அளந்து உலகறியச் செய்தார் என்பது எண்ணி வியத்தற்குரியது.

1870இல் லாஸ் மூன்று வடிநீர் அளவிகளை அமைத்தார். ஒவ்வொன்றின் பரப்பும் ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மண்ணின் ஆழம் முறையே 20, 40, 60 அங்குலம். மண்ணைத் தோண்டித் தொட்டியில் நிரப்புவது எளிது. ஆனால், தோண்டிய மண்ணில் நீர் முன்போல் இறங்காது. ஆதலால் மண்ணை இருந்தவாறே விட்டு, அடியைக் குடைந்து துளையிட்ட இரும்புத் தகடுகளைச் செருகி, சுற்றிலும் செங்கற்சுவர் எழுப்பினர். அம்மண்ணில் பயிரும் இல்லை, உரமும் இல்லை. ஆயினும் வடிந்த நீரில் நைட்ரேட் இருந்தது. மண் தன் சேமிப்பையே இழந்துகொண்டிருந்தது.

1889இல் ஆய்வுகள் தொடர்வதற்காக ஓர் இலட்சம் பவுன் ஒதுக்கிய லாஸ், 1900இல் மறைந்தார். அவருக்குப்பின் நம் நாட்டில் பூசாவிலும் கான்பூரிலும் இத்தகைய அளவிகளைக் கொண்டு லெதர் என்னும் வேளாண் வேதியியலர் வடிநீரை ஆய்ந்தார். 1904இல் அமெரிக்காவில் இன்னொரு வழி பிறந்தது: நுண்துளைகளையுடைய சுட்ட மண் குப்பியை நிலத்தில் புதைத்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்தால், வேர் நீரை ஈர்ப்பதுபோல் அக்குப்பியும் மண்ணின் ஈரத்தை ஈர்க்கும். வயலைக் குடையாமலேயே வேரடி நீர் கைக்கு வந்துவிடுகிறது.