மருந்தன்று, நஞ்சு

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் உழவர் குடியில் பிறந்தவன் நான். பயிரில் புழு கண்டால் மருந்தடிக்க வேண்டும் என்பார் என் தந்தையார். வெறுங்கையால் கலக்குவார், தெளிப்பானை முதுகில் சுமப்பார், ஒழுகி நனைந்த சட்டையோடு வீடு திரும்புவார். நஞ்சை மருந்தென்று அழைத்தே பழகிவிட்டோம். அந்தப் பெயரை ஐயுற எனக்குக் கற்றுத் தந்தவர் ரேச்சல் கார்சன் அம்மையார்.

1907-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள் அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்து ஸ்பிரிங்டேல் என்னும் ஊரில் பிறந்தார். எழுத்தாளராக விரும்பி ஆங்கில இலக்கியம் பயிலத் தொடங்கியவர், கல்லூரியிலேயே உயிரியலுக்கு மாறினார். 1932-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். வறுமை மேற்படிப்பைத் தடுத்தது. 1935-இல் தந்தை மறையவே, குடும்பச் சுமை அவர் தோளில் ஏறியது. அரசின் மீன்வளத் துறையில் பணியாற்றிக்கொண்டே எழுதினார். 1951-இல் வந்த கடல் பற்றிய நூல் அவர் புகழை நாடெங்கும் பரப்பியது.

1962-இல் 'மௌன வசந்தம்' வெளிவந்தது. டி.டி.டி. போன்றவை பூச்சியோடு நிற்பதில்லை. ஆதலால் அவற்றை உயிர்க்கொல்லி என்பதே பொருந்தும் என்றார். அந்நூலின் ஓர் இயலில் நம்மை உயிரணுவுக்குள்ளேயே அழைத்துச் செல்கிறார். ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவும் மரபைச் சுமக்கும் குரோமோசோமும் இந்த நஞ்சுகளால் கெடக்கூடும் என்று எச்சரித்தார்.

அவர் எச்சரித்ததை இவ்வடபுலத்து ஆய்வுக்கூடத்தில் இன்று நான் கண்ணால் காண்கிறேன். பூச்சிக்கொல்லிகள் பல, உயிரணுவில் அடங்காத ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பெருக்குகின்றன. உயிரணுவின் காப்பு தோற்கும்போது, அவை டி.என்.ஏ. இழையை அறுக்கின்றன. அத்தகைய உயிரணுவைக் கூழ்மத்தில் பதித்து மின்சாரம் செலுத்தினால், அறுந்த இழைகள் வால்போல் நீள்கின்றன. வால்மீன் சோதனை என்றே இதற்குப் பெயர். அந்த வாலைக் காணும்போதெல்லாம் என் தந்தையாரின் நனைந்த முதுகு நினைவில் எழுகிறது.

வேதிப்பொருள் நிறுவனங்கள் அம்மையாரை ஏளனம் செய்தன. அப்போது அவர் உடலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. அதைச் சொன்னால், சொந்தத் துயரத்தால் எழுதினார் என்று பகைவர் நூலைத் தள்ளிவிடுவர்; ஆகவே மறைத்தார். சான்றுகள் மட்டுமே பேசட்டும் என்று விட்டார். 1963-இல் நோயோடு சென்று செனட் குழுவின்முன் சாட்சியம் அளித்தார். 1964 ஏப்ரல் 14-ஆம் நாள், 56-ஆம் வயதில் மறைந்தார். 1972-இல் அமெரிக்கா டி.டி.டி.யைப் பெரும்பாலும் தடைசெய்தது. அதைக் காண அவர் இல்லை.

நண்பர்களே, பொங்கலுக்கு நான் ஊருக்குப் போகிறேன். தந்தையாருக்குக் கையுறை வாங்கி வைத்திருக்கிறேன். அதைக் கொடுக்கும்போது, அது மருந்தன்று, நஞ்சு என்றும் சொல்லப் போகிறேன்.