ஒரு ஓட்டுக்கு நூறு டாலர் அபராதம்



2022 நவம்பர் 19ஆம் தேதி நான் முதன்முதலாக ஓட்டுப் போட்டேன். பதினைந்தாவது பொதுத் தேர்தல். எனக்கு 18 வயது முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தது. பெயரைப் பதிவு செய்ய எந்த அலுவலகத்துக்கும் போகவில்லை, ஒரு பாரம்கூட நிரப்பவில்லை. போனில் அடையாள அட்டை எண்ணைத் தட்டிப் பார்த்தால், வாக்காளர் பட்டியலில் என் பெயர் தானாகவே இருந்தது. அன்றைக்கு நான் பட்ட பெரிய கஷ்டம் வெயிலில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்றதுதான். அதற்கே அப்பாவிடம் முணுமுணுத்துக்கிட்டே இருந்தேன். என் தோழி ஒருத்தி வரவே இல்லை. ஒரு ஓட்டுல என்ன ஆகிடப் போகுதுன்னு கேட்டாள். எனக்கும் அப்போது பதில் தெரியவில்லை.

போன செமஸ்டர் விடுமுறையில்தான் சூசன் பி. ஆண்டனியின் வாழ்க்கையைப் படித்தேன். அமெரிக்கப் பெண்களின் ஓட்டுரிமைக்காக ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். அதிபர் தேர்தலில் ஓட்டுப் போட்ட குற்றத்துக்காகக் கைது செய்யப்பட்டவர். ஆமாம், ஓட்டுப் போட்டதுதான் குற்றம். அவர் கதையை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

சூசன் 1820 பிப்ரவரி 15ஆம் தேதி மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆடம்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா டேனியல் பருத்தி ஆலை நடத்தியவர். குடும்பம் குவேக்கர் என்ற கிறிஸ்துவப் பிரிவைச் சேர்ந்தது. அந்தப் பிரிவில் பெண்களும் கூட்டத்தில் எழுந்து பேசலாம். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். ஆனால் பள்ளிக்கூடத்தில் நிலைமை வேறு. நீள் வகுத்தல் கணக்கு சொல்லிக் கொடுங்கள் என்று சூசன் கேட்டபோது, பெண் பிள்ளைக்கு அது எதற்கு என்று ஆசிரியர் மறுத்துவிட்டாராம். அப்பா என்ன செய்தார் தெரியுமா? வீட்டிலேயே ஒரு பள்ளியைத் தொடங்கிவிட்டார். எஞ்சினியரிங் படிக்கிற எனக்கு இந்த இடத்தில் கொஞ்ச நேரம் படிப்பதை நிறுத்த வேண்டியிருந்தது. நான் தினமும் போடுகிற கணக்கெல்லாம் கண்முன் வந்து போனது.

1837இல் அமெரிக்காவில் பெரிய பொருளாதார வீழ்ச்சி. டேனியல் திவாலானார். வீட்டுச் சாமான்கள் எல்லாம் ஏலத்துக்கு வந்தன. துணிமணி, மூக்குக் கண்ணாடி வரைக்கும் பட்டியல் போட்டார்கள். அம்மாவின் சொந்தப் பொருள்களும் தப்பவில்லை. காரணம், திருமணமான பெண்ணின் சொத்து எல்லாம் கணவனுடையது என்றது அன்றைய சட்டம். கணவன் கடன்பட்டால் அவள் தாய்வீட்டிலிருந்து கொண்டு வந்ததும் போய்விடும். அப்போது கைகொடுத்தவர் தாய்மாமன் ஜோஷுவா ரீட். ஏலத்தில் பொருள்களை வாங்கி அக்குடும்பத்துக்கே திருப்பிக் கொடுத்தார். பிறகு 1845இல் குடும்பம் நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டர் நகருக்கு அருகில் ஒரு பண்ணை வாங்கியது. அம்மாவுக்கு வந்த பணத்தில் வாங்கிய அந்தப் பண்ணையைக்கூட மாமா பெயரில்தான் வைக்க வேண்டியிருந்தது. பெண் உரிமை என்பது சூசனுக்குப் புத்தகத்தில் படித்த விஷயமே இல்லை. பதினேழு வயதில் சொந்த வீட்டுக் கூடத்தில் அவர் பார்த்த விஷயம்.

குடும்பத்துக்கு உதவ அவர் ஆசிரியை ஆனார். அங்கே அதே வேலை பார்த்த ஆண்களின் சம்பளத்தில் ஏறக்குறைய கால்பங்குதான் அவருக்குக் கிடைத்தது.

1848 ஜூலையில் செனெகா ஃபால்ஸ் என்ற ஊரில் எலிசபெத் கேடி ஸ்டாண்டன், லுக்ரீஷியா மோட் முதலியோர் பெண்கள் உரிமை மாநாடு நடத்தினார்கள். 68 பெண்களும் 32 ஆண்களும் உரிமைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள். பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்ற தீர்மானம் மட்டும் பெரிய விவாதமானது. அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் அதை ஆதரித்துப் பேசிய பிறகுதான் அது நிறைவேறியது. சூசன் அங்கே இல்லை. வேறு ஊரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இரண்டு வாரம் கழித்து ரோச்செஸ்டரில் நடந்த அடுத்த மாநாட்டுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டவர்கள் அவருடைய அம்மா, அப்பா, தங்கை மேரி!

1851இல் தெருமுனை ஒன்றில் ஸ்டாண்டனைச் சந்தித்தார் சூசன். அதிலிருந்து ஐம்பது ஆண்டு நட்பு. ஸ்டாண்டனுக்கு ஏழு பிள்ளைகள். வீட்டை விட்டு அடிக்கடி நகர முடியாது, ஆனால் பேனா பிடித்தால் அபாரம். சூசன் திருமணம் செய்துகொள்ளாதவர். எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் அலைவார். ஸ்டாண்டன் உட்கார்ந்து உரை எழுதும்போது சூசன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாராம். பிறகு அந்த உரையை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார்.

பேச மேடை எளிதில் கிடைக்கவில்லை. 1852இல் மதுவிலக்கு மாநாடு ஒன்றில் பேச எழுந்தார். பெண்களை அழைத்தது கேட்பதற்குத்தான், பேசுவதற்கல்ல என்று உட்காரச் சொன்னார்கள். வெளியேறிவிட்டார். அடுத்த ஆண்டு ஆசிரியர் மாநாடு. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், ஆனால் பேசியதெல்லாம் ஆண்கள். சூசன் எழுந்து பேச அனுமதி கேட்டார். கொடுக்கலாமா வேண்டாமா என்று ஆண்கள் அரை மணி நேரம் விவாதித்தார்கள். உட்கார்ந்தால் வாய்ப்புப் போய்விடுமோ என்று அவ்வளவு நேரமும் அவர் நின்றுகொண்டே இருந்தார். நம் கூட்டங்களில் கை தூக்கிவிட்டு, யாரும் கவனிக்கலைன்னா உடனே இறக்கிவிடுகிற ஆள் நான். இதைப் படித்ததும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அவருடைய உண்மையான ஆயுதம் மேடைப் பேச்சு இல்லை, கையெழுத்து வேட்டை. திருமணமான பெண்ணின் சம்பளமும் சொத்தும் அவளுக்கே சொந்தம் என்று சட்டம் வேண்டும். அதற்காக நியூயார்க் மாநிலத்தின் 60 மாவட்டங்களில் 54க்கு, 1854-55 கடுங்குளிர்காலத்தில் பனியைக் கடந்து போனார். கதவைத் தட்டினார். பல வீடுகளில் பெண்களே கதவைச் சாத்தினார்கள். எங்களுக்கு வேண்டிய உரிமை இருக்கு, கணவர் பார்த்துக்கொள்வார் என்றார்கள். சட்டமன்றத்தில் உறுப்பினர்கள் மனுவைக் கேலி செய்து சிரித்தார்கள். மறுபடியும் மனு, மறுபடியும் பயணம். கடைசியில் 1860இல் சட்டம் வந்தது. சம்பளம் அவளுக்கே, பிள்ளைகள் மேல் தாய்க்கும் சம உரிமை.

இந்த இடத்தை நாம் கவனிக்கணும். 1861இல் உள்நாட்டுப் போர் தொடங்கியது. பெண்கள் இயக்கம் தன் வேலையை ஒதுக்கி வைத்தது. சூசனுக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் மற்றவர்கள் கேட்கவில்லை. 1862இல் சட்டமன்றம் அந்தச் சட்டத்தின் சில பகுதிகளைச் சத்தமில்லாமல் திரும்ப எடுத்துக்கொண்டது. தாய்க்குக் கிடைத்த உரிமையும் அதில் போனது. ஆறு வருட உழைப்பின் ஒரு பகுதி இரண்டே வருடத்தில் காணோம்.

போர் நடந்தபோது அவரும் ஸ்டாண்டனும் அடிமைத்தனத்தை அடியோடு ஒழிக்கக் கேட்டுக் கிட்டத்தட்ட 4,00,000 கையெழுத்து திரட்டினார்கள். 1865இல் அது சட்டமானது. ஆனால் அதன் பிறகு நடந்ததை மறைத்தால் இது நேர்மையான கட்டுரை ஆகாது. கறுப்பின ஆண்களுக்கு ஓட்டுரிமை தரும் 15ஆவது திருத்தம் வந்தபோது, பெண்களை விட்டுவிட்டார்களே என்ற கோபத்தில் சூசனும் ஸ்டாண்டனும் அதை எதிர்த்தார்கள். தங்கள் பத்திரிகையை நடத்த, கறுப்பினத்தவரை வெளிப்படையாக இழிவுபடுத்திய ஜார்ஜ் ட்ரெய்ன் என்ற பணக்காரரிடம் உதவி வாங்கினார்கள். 1869இல் பெண்கள் இயக்கமே இரண்டாக உடைந்தது. செனெகா ஃபால்ஸில் அவர்களுக்காகக் குரல் கொடுத்த டக்ளஸ் எதிர்ப்பக்கம் நிற்க வேண்டியதாயிற்று. தனக்கு நீதி கேட்கிறவர் இன்னொருவரின் நீதிக்குக் குறுக்கே நின்ற தருணம் அது. அவரை மதிக்கிறேன், இந்த விஷயத்தில் அவர் செய்தது தப்பு என்றும் சொல்கிறேன். அவருக்கும் டக்ளஸுக்கும் இருந்த நட்பு மட்டும் முறியவில்லை. 1895இல் டக்ளஸ் இறந்த அன்று பகலில்கூட, வாஷிங்டனில் நடந்த பெண்கள் கூட்டத்தில் இருவரும் ஒன்றாக இருந்தார்கள்.

அந்தப் பத்திரிகை 1870இல் கைமாறியபோது 10,000 டாலர் கடன் மிச்சம். சூசன் அதைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டு, ஊர் ஊராகச் சொற்பொழிவு செய்தே ஆறு வருடத்தில் அடைத்தார். கல்விக் கடனை நினைத்துப் பெருமூச்சு விடுகிற நம்மில் பலருக்கு இது புரியும்.

இப்போது அந்த ஓட்டுக்கு வருவோம். அமெரிக்காவில் பிறந்தவர் எல்லோரும் குடிமக்கள், குடிமக்களின் உரிமையை எந்த மாநிலமும் பறிக்கக் கூடாது என்றது 14ஆவது திருத்தம். பெண்ணும் குடிமகள்தானே, அப்படியென்றால் ஓட்டும் உண்டுதானே? இதைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று முடிவெடுத்தார் சூசன். 1872 நவம்பர் 1ஆம் தேதி, ரோச்செஸ்டரில் ஒரு முடிதிருத்தும் கடையில் வாக்காளர் பதிவு நடந்தது. சகோதரிகளோடு உள்ளே போனார். அதிகாரிகள் மறுத்தார்கள். சட்டத்தைப் படித்துக் காட்டினார். வழக்குப் போடுவேன் என்றார். கிட்டத்தட்ட ஒரு மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு பெயரை எழுதிக்கொண்டார்கள். நவம்பர் 5ஆம் தேதி அவரும் இன்னும் 14 பெண்களும் ஓட்டுப் போட்டார்கள்.

நவம்பர் 18ஆம் தேதி வீட்டு வாசலில் மார்ஷல் வந்து நின்றார். கூச்சத்தோடு, வசதிப்பட்டபோது அலுவலகத்துக்கு வந்துவிடுங்கள் என்ற மாதிரிப் பேசினார். ஆண்களை இப்படித்தான் கைது செய்வீர்களா என்று கேட்டு, முறைப்படி தன்னை அழைத்துப் போகச் சொன்னார் சூசன். வழியில் டிராமில் டிக்கெட் கேட்டபோது, நான் அரசாங்கச் செலவில் பயணம் செய்கிறேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாராம்!

வழக்குக்கு முன்பு மாவட்டம் முழுவதும் ஊர் ஊராகப் போய்த் தன் பக்க நியாயத்தை விளக்கினார். ஜூரிகள் மனம் மாறிவிடுவார்கள் என்று பயந்து அரசுத் தரப்பு வழக்கைப் பக்கத்து மாவட்டத்துக்கு மாற்றியது. அவர் அங்கேயும் போய்ப் பேசினார். 1873 ஜூன் மாதம் கானன்டைகுவா நகரில் விசாரணை. ஜூரி முழுக்க ஆண்கள். தனக்காகச் சாட்சி சொல்ல அவரை அனுமதிக்கவில்லை. நீதிபதி வார்டு ஹன்ட் முன்பே எழுதி வைத்திருந்த தீர்ப்பை எடுத்துப் படித்து, குற்றவாளி என்று சொல்லும்படி ஜூரிக்கே உத்தரவிட்டார். மறுநாள், ஏதாவது சொல்ல வேண்டுமா என்று ஒரு வழக்கத்துக்காகக் கேட்டார். அதுதான் அவர் செய்த தவறு! பெண்ணுக்குப் பங்கே இல்லாத சட்டம், ஆண்களே எழுதி ஆண்களே நடத்தும் விசாரணை என்று சூசன் பேசத் தொடங்கினார். உட்காருங்கள் என்று நீதிபதி திரும்பத் திரும்பச் சொல்லியும் நிறுத்தவில்லை.

அபராதம் 100 டாலர். அநியாயமான இந்தத் தண்டனைக்கு ஒரு டாலர்கூடக் கட்ட மாட்டேன் என்றார், சாகும்வரை கட்டவும் இல்லை. கட்டாததற்குச் சிறையில் போட்டிருந்தால் மேல் நீதிமன்றத்துக்குப் போயிருப்பார். நீதிபதி அந்த வழியையும் அடைத்து, சிறைக்கு அனுப்பாமலே விட்டுவிட்டார்.

1875இல் இன்னொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், குடியுரிமை என்றால் ஓட்டுரிமை என்று அர்த்தமில்லை என்று தீர்ப்பளித்தது. இனி அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும். 1878இல் செனட்டர் சார்ஜென்ட் அதற்கான மசோதாவைக் கொண்டு வந்தார். கிடப்பில் போட்டார்கள். சூசன் ஓயவில்லை.

1900ஆம் ஆண்டு, அவருக்கு 80 வயது. ரோச்செஸ்டர் பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்த்துக்கொள்ள ஒரு நிபந்தனை போட்டிருந்தது. 50,000 டாலர் திரட்டித் தர வேண்டும். கடைசி நாள் நெருங்கியபோது 8,000 டாலர் குறைந்தது. சூசன் வண்டியில் ஏறி வீடு வீடாகப் போனார். அப்படியும் 2,000 டாலர் குறைந்தது. தன் ஆயுள் காப்புறுதியை அடகாக எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த ஆண்டே பெண்கள் வகுப்பில் உட்கார்ந்தார்கள். நீள் வகுத்தல் மறுக்கப்பட்ட சிறுமி திறந்துவிட்ட கதவு அது.

1906 மார்ச் 13ஆம் தேதி சூசன் இறந்தார். அப்போது பெண்களுக்கு முழு ஓட்டுரிமை இருந்தது நான்கே மாநிலங்களில். 1878இல் எழுதிய அதே வாசகங்கள் 1920 ஆகஸ்டில் 19ஆவது திருத்தமாகச் சட்டமாயின. அவர் போய் 14 ஆண்டு கழித்து! அப்போதும் தென் மாநிலங்களில் கறுப்பினப் பெண்கள் பலரை ஓட்டுப் போட விடவில்லை. 1965 வரை அவர்கள் போராட வேண்டியிருந்தது. 1869இல் விழுந்த விரிசலை நினைத்தால் அது மனசை உறுத்துகிறது.

ஒரு ஓட்டுல என்ன ஆகிடப் போகுது? 1872இல் சூசன் போட்ட ஓட்டாலும் உடனே எதுவும் ஆகவில்லை. கைதும் அபராதமும்தான் மிச்சம். ஆனால் ஒன்றும் இல்லாத விஷயமாக இருந்திருந்தால், அதைத் தடுக்க ஒரு மார்ஷலும் ஒரு நீதிபதியும் பன்னிரண்டு ஜூரிகளும் எதற்கு?

என் தோழியிடம் இன்னும் இதைச் சொல்லவில்லை. அடுத்த தேர்தலுக்கு அவளைக் கையோடு கூட்டிட்டுப் போகிறதாக இருக்கிறேன். வரிசை நீளமாகத்தான் இருக்கும். நின்றுகொண்டே சொல்ல எனக்கு ஒரு கதை இருக்கு.