கரணை பிடித்த கை

வேலூர் பக்கம் டாக்டர் பால் பிராண்ட் என்றால் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் அவர் ஸ்டெதாஸ்கோப்பைத் தொடுவதற்கு முன்னால் கரணையும் உளியும் பிடித்தவர், அதாவது கிட்டத்தட்ட நம்ம ஆளு, என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

1914 ஜூலை 17ல் நம் கொல்லிமலையில் பிறந்தார். பெற்றோர் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். 9 வயதில் பையனைப் படிக்க லண்டனுக்கு அனுப்பினார்கள். 1929ல் மலையில் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். பையன் பள்ளிப் படிப்போடு நின்று, ஏறக்குறைய ஐந்து வருஷம் தச்சு வேலை, கொத்து வேலை என்று கட்டடத் தொழில் கற்றான். டாக்டர் படிப்பெல்லாம் அதற்கப்புறம்தான்.

1946ல் வேலூர் சி.எம்.சி.க்கு சர்ஜனாக வந்தார். அடுத்த வருஷம் செங்கல்பட்டு தொழுநோய் ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போனார். விரல் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையைப் பிடித்தவருக்கு அதிர்ச்சி! அந்தக் கையில் இரும்புப் பிடி. அப்படியானால் நல்ல தசைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன! 1948 முதல் அந்தத் தசைநார்களை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை நிமிர்த்த ஆரம்பித்தார்.

ஆபரேஷன் பெரிய விஷயம்தான். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது அவர் புண்ணைப் பார்த்த விதம். தொழுநோய் வந்தால் விரல் தானே அழுகி விழும் என்றுதான் அதுவரை ஊரே நம்பியது. இவர் அதை ஏற்கவில்லை. ஒவ்வொரு புண்ணுக்கும், அது எப்போது, எதனால் வந்தது என்று போலீஸ்காரர் மாதிரி விசாரித்தார். சூடான பாத்திரம், துருப்பிடித்த பூட்டுச் சாவி, செருப்புக்குள் கிடந்த ஆணி என்று காரணம் வெளியே வந்தது. ராத்திரியில் விரல் காணாமல் போனவர்கள் விஷயத்தில் ஒரு நாள் கண்விழித்துப் பார்த்தால், எலி! வலி தெரியாததால் தூங்குகிறவர் எழுந்திருக்கவில்லை. அப்புறம் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள். மருந்துச் சீட்டில் பூனை, யோசித்துப் பாருங்கள்.

உள்ளங்கால் புண்தான் ரொம்பப் பிடிவாதம். மருந்து போட்டால் ஆறும், நடந்தால் திரும்ப வெடிக்கும். இங்கேதான் நம்ம அப்ளைடு பிசிக்ஸ் வருகிறது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது. நமக்கு வலித்தால் நொண்டி நொண்டி எடையை மாற்றிக்கொள்வோம். மரத்துப்போன கால் அதே இடத்தில் அடிமேல் அடி வாங்கும். இலங்கையின் டாக்டர் மில்ராய் பால் காட்டிய வழியில், பிராண்ட் காலோடு ஒட்டி மாவுக்கட்டு போட்டார். எடை பாதம் முழுக்கவும் கணுக்கால் மேலும் பரவியதும் பிடிவாதப் புண் ஆறியது. ஆறிய கால் திரும்பப் புண்ணாகாமல் இருக்க எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு. ரொம்ப மெத்தென்றும் கூடாது, கெட்டியாகவும் கூடாது என்று ரப்பரின் கடினத்தன்மை வரை பார்த்தார்கள்.

ஒருமுறை லண்டன் ரயில் பயணத்துக்குப் பின் தன் குதிகாலிலேயே உணர்வில்லை என்று கண்டார். ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. தனக்கும் நோய் தொற்றிவிட்டது என்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. காலையில் மறுபடி குத்தினார். சுரீரென்று வலித்தது! உட்கார்ந்தே வந்ததில் நரம்பு அமுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். வலித்ததற்குச் சந்தோஷப்பட்ட மனிதர் வேறு யார்?

1966ல் அமெரிக்காவின் கார்வில் ஆஸ்பத்திரிக்குப் போனார். எலிப் பாதத்தில் மிதமான அழுத்தத்தையே ஆயிரக்கணக்கான தடவை கொடுத்துச் சோதித்தார். ஒரு தடவைக்கு ஒன்றும் ஆகாத அழுத்தமே திரும்பத் திரும்ப வந்தால் சதையைப் புண்ணாக்குகிறது. மெக்கானிக்கல் மாணவர்களே, ஃபடீக் ஞாபகம் வருகிறதா? சர்க்கரை நோயாளியின் கால் புண்ணுக்கும் கணக்கு இதேதான் என்று அங்கே காட்டினார். 2003 ஜூலை 8ல் காலமானார்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் எங்க பெரியப்பா. வயலும் வரப்பும் வெறுங்காலும்தான் அவர் வாழ்க்கை. சர்க்கரை உண்டு. போன சம்பா அறுப்பில் களத்துமேட்டில் ஏறிய முள் நாலு நாள் அவருக்குத் தெரியவில்லை, சீழ் வாடை வந்தபிறகுதான் தெரிந்தது. ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது எம்.சி.ஆர். செருப்புப் போட்டுக்கொண்டுதான் வரப்பில் நடக்கிறார். ராத்திரி படுக்குமுன் பெரியம்மா டார்ச் அடித்து அவர் உள்ளங்காலைப் பார்க்கிறாள், பெரியப்பா கூச்சத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.